நான்கு விரற்கடை அலகு

ஆண்டின் மூன்றாம் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஆற்றுத்துறையின் மூன்றாம் வாயிலில் ஒரு மடக்குக் கத்தியின் அலகு அளக்கப்பட்டு, அதன் நீளம் நான்கு விரற்கடை என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.

அந்நேரம் ஆறு இன்னும் நிறம் கொள்ளவில்லை. இரவெல்லாம் கடலை நோக்கி இழுத்தோடிய நீர், கடலேற்றம் தொடங்கியதும் தயங்கி நின்று, எப்பக்கம் போவதென்று அறியாத கூட்டம் போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. கரைநெடுக நின்ற பளுதூக்கி எந்திரங்கள் மூடுபனிக்குள் கழுத்தை நீட்டியிருக்க, உப்பும் எண்ணெயும் படிந்து வழுக்கும் கருங்கல் தளத்தின்மேல், முதல் முறைவேலைக்கு வந்தோர் கைகளை அக்குளில் புதைத்துக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தனர். வாயிலில் ஒரு மரமேசை. அதன் விளிம்பில் ஒரு வெட்டு. மூன்றாண்டுகளுக்கு முன் சுமைதூக்குவோர் இருவர் சண்டையிட்டு, ஒருவர் மற்றவரைக் குத்திக் கொன்ற பின்னர், நான்கு விரற்கடைக்கு மேற்பட்ட அலகு கருவியாகாது, படைக்கலமே ஆகும் என்று துறை ஆள்வோர் விதித்தனர்; அவ்விதியைத் தச்சர் ஒருவர் மேசையில் வெட்டிவைத்தார். வெட்டுக்குள் அடங்கும் கத்தி உள்ளே போகும். அடங்காதது வாயிலோடு நின்றுவிடும்.

அன்று அளக்கப்பட்ட கத்திக்கு உரியவர் வடக்குழுவின் கத்திக்காரர். கரையணையும் கப்பலிலிருந்து வீசப்படும் வடத்தை இழுத்துக் கரைத்தூணில் சுற்றிக் கட்டுவது நால்வர் கொண்ட அக்குழுவின் வேலை. மூவர் இழுப்பர், நான்காமவர் வடத்தைத் தொடவும் மாட்டார். வெறுங்கையோடு நின்று, மற்ற மூவரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கப்பல் விலகி வடம் விறைக்கும் நொடியில் அதன் சுற்றுக்குள் எவர் காலேனும் அகப்பட்டால், வடத்தை அறுப்பது ஒன்றே அவர் கடமை. குழுவில் கத்தி அவர் ஒருவரிடமே இருக்கும். பதினோர் ஆண்டுகளில் அவர் இருமுறை அறுத்திருந்தார்; இருமுறையும் கால்கள் பிழைத்தன. இழுக்கும் மூவருள் ஒருவர் அவருடைய தங்கையின் கணவர். சும்மா நிற்பதற்குக் கூலி வாங்குகிறவர் என்று அவரை நாள்தோறும் பழிப்பவரும் அந்த மைத்துனரே.

செவ்வாயன்று கத்திக்காரரின் பழைய கத்தி கைதவறி ஆற்றில் விழுந்தது. மறுநாள் மாலை அவரும் மைத்துனரும் கத்திக்கடைக்குச் சென்றனர். கடைக்காரர் கண்ணாடிப் பேழையின் மேல் இரண்டு மடக்குக் கத்திகளை விரித்து வைத்தார். ஒன்றன் அலகு நான்கு விரற்கடை, மற்றதன் அலகு ஐந்து.

ஒரு விரற்கடையில் என்ன இருக்கிறது என்று, இதைப் படிக்கும் அறிவுடையீர், நீங்கள் எண்ணக்கூடும். மடக்குக் கத்தியில் அலகு தன் பிடிக்குள்ளேயே மடங்கி உறங்க வேண்டியிருத்தலால், அலகு குறுகுமிடத்துப் பிடியும் குறுகும். கத்திக்காரரின் கை அகன்றது. சிறிய கத்தியை அவர் பற்றியபோது சுண்டுவிரல் ஊன்ற இடமின்றிக் காற்றில் நின்றது. நனைந்த கையில், எண்ணெய் ஏறிய வடத்தின் முன்னே, ஊன்றாத ஒரு விரல் ஊன்றிய விரல்களின் உறுதியையும் கெடுத்துவிடும் என்பதை அவர் அறிவார். வடத்தின் தடிப்போ மூன்று விரற்கடை. அதன் குறுக்கே முன்னும் பின்னும் இழுபட, நான்கு விரல் அலகுக்கு எஞ்சுவது ஒரு விரல் ஓட்டமே.

"சின்னதையே எடுத்துக்கங்க," என்றார் கடைக்காரர். "கேட்டுல அளக்குறாங்கன்னு ஊருக்கே தெரியும். துறைக்காரங்க எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"கைக்குப் பத்தலையே."

"வேலை செய்யாம தொங்கப் போட்டே பெருசாயிடுச்சு மச்சான்," என்றார் மைத்துனர். "கத்தி என்ன பண்ணும் பாவம்."

"நீ காலைப் பார்த்து வை மாப்பிள. உன் காலுக்குத்தான் இந்தக் கை."

கத்திக்காரர் பெரியதைக் கையிலெடுத்தார். ஐந்து விரல்களும் அதற்கென்றே வார்த்தவை போல அமர்ந்தன. மூடினார், திறந்தார், மீண்டும் மூடினார்.

"இதோட நுனியை ஒரு விரக்கடை தேச்சு எடுத்துட்டா என்ன?"

கடைக்காரர் சற்று யோசித்தார். "எடுக்கலாம். தண்ணியில முக்கி முக்கி மெதுவா தேய்க்கணும். விட்டுட்டுப் போங்க, சனிக்கிழமை தர்றேன்."

"விடிஞ்சா கப்பல் வருது."

"அப்ப சின்னதை எடுங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவர் பெரியதையே வாங்கினார்.

வியாழன் விடியலில், வாயிலுக்கு வெளியே உள்ள பழுதுநீக்கும் கொட்டகையில், சுழலும் சாணைக்கல்லில் அவர் நுனியை வைத்தார். முறைமணி அடிக்கப் பதினைந்து நிமிடங்களே இருந்தன. அருகே வாளியில் தண்ணீர் இருந்தது. எனினும் ஒவ்வொரு முறையும் முக்கி எடுக்க நேரமில்லை என்று கருதி, அலகைக் கல்லின்மேல் அழுத்தியபடியே நின்றார். பொறிகள் சிதறின. நுனியின் எஃகு முதலில் வைக்கோல் நிறமும், பின்னர்க் கத்தரிப்பூ நிறமும், இறுதியில் மயிற்கழுத்தின் நீலமும் கொண்டது.

"அண்ணே, நீலம் ஏறிடுச்சு," என்றார் கொட்டகைக் கம்மியர். "சூட்டுல பதம் போச்சு. இனிமே அந்த நுனி வெண்ணெய்தான். வெண்ணெய்யே அறுக்காது."

"நுனிதானே. நான் அலகோட அடியாலதான் அறுப்பேன்."

"எப்பவும் அடி போய்ச் சேருமா?"

"மணி அடிக்கப் போவுதுப்பா."

ஆறியபின் உப்புத்தாளால் தேய்த்து நீலத்தை அகற்றினார். மேசையின் வெட்டு நீளத்தைத் தவிர வேறெதையும் கேளாது என்பதும், காவலர் நிறத்தைப் பார்க்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். மைத்துனர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே தேய்த்தார்.

முழக்கோல் என்று எல்லாரும் அழைக்கும் வாயிற்காவலர் அலகை வெட்டுக்குள் இறக்கிக் குனிந்து பார்த்தார்.

"தலைமுடி உள்ள போற இடம்கூட மிச்சமில்ல. அளவா வளர்த்திருக்கீங்க. நாலு விரக்கடை, போங்க."

"பளபளன்னு இருக்கு மச்சான்," என்றார் பின்னால் நின்ற மைத்துனர். "சும்மா நிக்கிற நேரத்துல மூஞ்சி பார்த்து மீசை ஒதுக்கலாம்."

ஏழு மணி இருபது நிமிடத்துக்குக் கப்பல் கரையணைந்தது. வடம் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றப்பட்ட வேளையில், திசை மாறிய நீர் கப்பலின் பின்புறத்தை வெளியே தள்ளியது. சுற்றைச் சீர்செய்யக் குனிந்த மைத்துனரின் வலக்கால் எண்ணெய்த் தளத்தில் வழுக்கி, தூணுக்கும் வடத்துக்கும் நடுவே போயிற்று. வடம் விறைத்தது. தூண் கரையின் விளிம்பிலேயே நின்றதால், கப்பலை நோக்கிச் சென்ற பகுதி கைக்கு எட்டாமல் நீரின்மேல் இருந்தது. கப்பல் இழுக்கும் பக்கத்தில், காலை ஒட்டிய சுற்றை அறுத்தால் இறுக்கம் உடனே விடும். அங்கே இருந்த இடைவெளியிலோ அலகின் முன்பாகம் மட்டுமே புகுந்தது. கத்தியின் பிடி தூணின் இரும்பில் இடித்து நின்றது.

"அறுங்க மச்சான்."

"அறுக்கிறேன், அறுக்கிறேன்."

முதல் இழுப்பில் ஒரு புரி அறுந்தது. இரண்டாம் இழுப்பில், வெம்மையில் உரமிழந்த கூர், நனைந்த அட்டையின் ஓரம் போல மடிந்தது. அதன்பின் அலகு வடத்தின்மேல் வழுக்கி வந்ததேயன்றிக் கடிக்கவில்லை. ஐந்து முறை, ஆறு முறை, ஏழு முறை இழுத்துப் பார்த்த பின்னரே அவர் தூணைச் சுற்றி ஓடினார். பின்பக்கத்துச் சுற்றின்மேல் அலகின் அடிப்பாகம் நன்றாக வெட்டியது. நான்கே இழுப்பில் வடம் அறுந்தது. ஆயினும் அங்கே அறுந்த வடம் இரும்பை உரசியுரசி அவிழும்வரை, முன்பக்கத்து இறுக்கம் தளரவில்லை. மைத்துனர் அதற்குள் பேச்சை நிறுத்தியிருந்தார்.

அன்று பிற்பகல் மருத்துவமனையில், முழங்காலுக்கு மேலே, அவருடைய வலக்காலை எடுத்தனர். நீளமான நடைவழியில் தங்கை அண்ணனின் அருகே வந்து அமர்ந்தாள்.

"அண்ணே, கத்தி வெட்டலையா?"

"வெட்டுச்சும்மா. நேரமாயிடுச்சு."

"நேத்து கடையிலேருந்து வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பொண்ணு பார்க்கக்கூட உங்கண்ணன் இவ்வளவு நேரம் எடுத்துக்கலன்னு. சரியான நீளம்தானே வாங்கினீங்க?"

"சரியான நீளம்தான்."

அவள் தலையசைத்தாள். அக்கூற்றில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிழையற்ற அச்சொற்கள் உண்ணும்போதும் உறங்கும்போதும் அவரை உறுத்தத் தொடங்கின.

துறை அலுவலகம் நடந்ததை ஆராய்ந்தது. கத்தி மீண்டும் அளக்கப்பட்டு விதிக்கு உட்பட்டதாகக் காணப்பட்டது. கத்திக்காரர் தம் இடத்தில் நின்றார், தாமதமின்றி அறுக்கத் தொடங்கினார். வடம் விறைக்கும் வேளையில் காலைச் சுற்றுக்குள் செல்லவிட்டது காயமுற்றவரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது. அக்கவனக்குறைவு காரணமாக, காயமுற்றோர்க்குத் துறையில் வழக்கமாகத் தரும் அமர்ந்து செய்யும் வேலை மைத்துனருக்கு இல்லையென்றாயிற்று. அதைக் கேள்வியுற்ற நாளில் கத்திக்காரர் அலுவலரின் அறைக்குச் சென்றார்.

"ஐயா, தப்பு அவர் மேல இல்ல. கத்தி என்னால கெட்டுப்போச்சு. நுனியைத் தண்ணி காட்டாம தேச்சேன். முதல் தடவையே அறுந்திருக்கணும்."

அலுவலர் தாள்களைப் புரட்டினார். "அலகு நாலு விரக்கடைதானே?"

"நாலுதான். ஆனா பதம் இல்ல."

"பதத்துக்கு இதுல இடமில்லைங்க. நீளம் கேட்டிருக்கு, எழுதியிருக்கு. கையெழுத்தும் ஆயிடுச்சு."

"ஓரமா ஒரு வரி எழுதிக்கக் கூடாதுங்களா? அவருக்கு அந்த வேலையாவது கிடைக்கும்."

"என்னன்னு எழுதுறது? விதியை மீறலைன்னு ஏற்கெனவே எழுதியாச்சு. வீட்டுக்குப் போங்க. பார்த்த அதிர்ச்சி, அப்படித்தான் இருக்கும்."

அங்கிருந்து அவர் தங்கை வீட்டுக்குச் சென்று, கட்டிலில் கிடந்த மைத்துனரிடம் சாணைக்கல்லையும் நீலத்தையும் உப்புத்தாளையும் ஒன்று விடாமல் சொன்னார். மைத்துனர் கேட்டு முடித்ததும் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை, அண்ணனுக்கென்று ஊற்றிய தண்ணீரைத் திரும்பப் பானையில் ஊற்றினாள்.

அறிக்கை மாற்றப்படவில்லை. மறுவாரம் வடக்குழுவின் கத்தி வேறொருவரிடம் சென்றது. மூன்றாம் வாயிலில் அதன் அலகு அளக்கப்பட்டது. நான்கு விரற்கடை என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.