செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி

வேகார்ட் போன் செய்தது ஒரு திங்கட்கிழமை காலை. காங்ஸ்பெர்க்கில் கண் பரிசோதனைப் படிப்பில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன். இப்போது ஒஸ்லோவில் லென்ஸ் விற்கும் கம்பெனியில் பெரிய ஆள்.

"யோஸ்தைன், இன்னும் அந்தத் தீவுலதான் கிடக்குறியா?"

"கிடக்கல. வேலை பாக்குறேன்."

"என்னடா பெரிய வேலை? ஒண்ணாவது லென்ஸ் நல்லா இருக்கா, ரெண்டாவது நல்லா இருக்கான்னு நாள் பூரா கேக்குறதா? அதைக் கேக்க மெஷின் வந்தாச்சு. எங்க விற்பனைப் பிரிவுல ஒரு இடம் காலி. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா ஒரு டென்மார்க்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

போனை வைத்த பிறகு கோபம் வந்தது. அவன் சொன்னது தப்பு என்பதால் இல்லை. ஆறு மாதமாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடமாக இந்தத் தீவில் கண் பார்க்கிறேன். ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துகள். விளக்கை அணைத்துவிட்டு, வருகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணுக்குள் பார்ப்பேன். காலையில் யார் காப்பி குடித்தார்கள், யார் மீன் எண்ணெய் குடித்தார்கள், யார் உதட்டுக்குள் புகையிலையை ஒதுக்கியிருக்கிறார்கள், எல்லாம் மூச்சிலேயே தெரிந்துவிடும். இருபது நிமிடம் கழித்து விளக்கைப் போடுவேன். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அடுத்த தடவை வர இரண்டு வருடம் ஆகும். இந்த ஊரில் பாதிப் பேரின் கண்ணுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் எனக்கு அத்துப்படி. ஒரு வீட்டின் சமையலறைகூடத் தெரியாது.

கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் ஜனங்களின் கை தானாகக் கண்ணாடிக்குப் போகிறது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, குற்றம் செய்தவர்கள் மாதிரி வணக்கம் சொல்வார்கள். வந்த புதிதில் இரண்டு மூன்று விருந்துக்குப் போனேன். "கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கே, அது என்ன?" என்று வரிசையாக நின்று கேட்டார்கள். அதற்கப்புறம் கூப்பிட்டவர்களிடமும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கூப்பிடுவதும் நின்றுபோனது. இந்தத் தொழில் இப்படித்தான் ஆளைத் தனியாக்கிவிடும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டும்போது கடைசியில் எல்லோரும் ஒரே பதிலுக்குத்தான் வருவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, மன்னிச்சுக்குங்க." தாங்கள் தேர்வில் தோற்றுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் பதிலுக்காகத்தான் நாங்கள் காத்திருப்போம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சரியான பவர் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாரம் நானும் இந்தத் தொழிலையும் ஒஸ்லோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தன.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இரண்டரை மணிக்குக் கதவு மணி அடித்தது. டோர்டிஸ்தான், வேறு யார்? படகுத்துறையில் வாஃபிள் கடை நடத்துகிறவர். வயது அறுபத்தொன்று, கண் அழுத்தம் பதினான்கு, இடது கண்ணில் புரை ஆரம்பம்.

"தம்பி, மறுபடியும் கழண்டுருச்சுப்பா" என்று கண்ணாடியை நீட்டினார்.

ஐந்து மாதமாக இதே கதை. ஒவ்வொரு செவ்வாயும் கண்ணாடியின் வலது பக்கக் கால் ஆடும். ஸ்க்ரூவின் தலையில் கத்தி முனை கீறிய தடம் இருக்கும். மூன்றாவது வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. ஏணி இரவல் கேட்க வேண்டும், அல்லது வேலி தாண்டி வந்த ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சும்மா பார்க்க வந்தேன் என்றால் வீட்டுக்காரர் பயந்துவிடுவார். பாவம், தனியாக இருக்கிற பெண்மணி, பேச ஆள் இல்லாமல் ஒரு காரணத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறார், வரட்டும் என்று விட்டுவிட்டேன். திருகில் ஒரு துளி பசை வைத்தால் ஜென்மத்துக்கும் கழலாது. பசைப் புட்டி மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அதை நான் எடுத்ததில்லை. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"ரொட்டி."

"அதே பழுப்புச் சீஸா? வேற ஏதாவது வச்சுத் தின்னா நாக்கு கோவிச்சுக்குமா?"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று வேகார்டின் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படித்த படிப்பெல்லாம் கத்தியால் கழற்றிய ஸ்க்ரூவை முறுக்கத்தானா என்று தோன்றியது. இழுப்பறையைத் திறந்து பசையை எடுத்தேன். ஒரு துளி விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

"இனிமே கழலாது. நீங்க கத்தியால திருகுறது எனக்குத் தெரியும், டோர்டிஸ். வீட்டுல பேச ஆளில்லன்னா வேற எங்கயாவது போய்ப் பேசுங்க. இது கண் பாக்குற இடம்."

சொல்லி முடித்ததுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"எனக்கா? எனக்கா பேச ஆளில்ல? வீட்டுல ஏழு பேர்டா. ரிட்டயர் ஆன புருஷன் காலையில வாயத் திறந்தா ராத்திரிதான் மூடுவாரு. ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு மருமகளுங்க, ஒரு பேத்தி. கடையில கப்பல்காரங்க கத்தல். வியாழக்கிழமை பாட்டுக் குழு. எனக்கு வாரத்துல செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டுந்தான் ஓய்வு. அதைக் கொண்டுவந்து உனக்குக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்கா? எதுக்கு?"

அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"தினமும் பதினொன்றரைக்குப் படகுத்துறையில கார நிறுத்திட்டு ரொட்டி திங்குற. கார் ஜன்னல் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு. பதினோரு வருஷமா என் கடை ஜன்னல்ல இருந்து பாக்குறேன். மூணு தடவ வந்து கார் கதவைத் தட்டி, உள்ள வந்து சூடா ஒரு வாஃபிள் தின்னுன்னு கூப்பிட்டேன். மூணு தடவையும் வேலை இருக்குன்னுட்ட. போன அக்டோபர்ல ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சும் நீ போகல. ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டே இருந்த. ஒரு படகு வந்துச்சு, போச்சு. இன்னொண்ணு வந்துச்சு, போச்சு. வீட்டுக்குப் போய் என் புருஷன்கிட்ட சொன்னேன். போய்ப் பேசேன்னாரு. என்ன சாக்கு சொல்லிப் போறதுன்னேன். அவர்தான் கத்திய எடுத்துக் குடுத்தாரு."

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நல்லா முறுக்கியிருக்க. ஆடவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அக்டோபர் நாள் எனக்கு நினைவிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் பரிசோதனை நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. ஐந்து மாதத்தில் அந்த அம்மாவிடம் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அட்டையில் கண் அழுத்தம் எழுத இடம் இருக்கிறது, அதற்கு இடம் இல்லை. அவர் கேட்கக் கேட்க என்னைப் பற்றியே பேசியிருக்கிறேன். தொழில் என்னைத் தனியாக்கவில்லை. கூப்பிட்ட கதவையெல்லாம் சாத்திவிட்டு வந்து, பழியை அதன் தலையில் போட்டது நான்தான்.

அடுத்த செவ்வாய் இரண்டேகாலுக்கே காப்பி போட்டு இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். இரண்டரை ஆனது. மூன்று ஆனது. ஒரு மீனவர் வந்து கண்ணாடி துடைக்கும் துணி வாங்கிப் போனார். மணி அடித்தபோது நான் எழுந்து நின்ற வேகத்தில் அவரே மிரண்டுபோனார். டோர்டிஸ் வரவில்லை. அவர் எப்படி வருவார்? ஸ்க்ரூவைத்தான் நான் ஒட்டிவிட்டேனே. இரண்டு கோப்பைக் காப்பியையும் நானே குடித்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் அவ்வளவு நீளமான மத்தியானத்தை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்குப் படகுத்துறையில் காரை நிறுத்தினேன். மறுநாள் வேகார்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். ரொட்டிப் பொட்டலம் மடியில் இருந்தது, பிரிக்கவில்லை. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் என்னவென்று சொல்லி உள்ளே நுழைவது? நானும் இந்த ஊர்க்காரன்தான். கடைசியில் என் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டைப் பையில் இருந்த சின்னத் திருப்புளியால் வலது பக்க ஸ்க்ரூவை நாலு சுற்றுச் சுற்றித் தளர்த்தினேன்.

என் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாமல் ஊரே கரைந்துபோய்விடும். வெண்ணெய் வாசனை வந்த பக்கமாக நடந்து கதவைத் தள்ளினேன். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது.

"டோர்டிஸ் இருக்காங்களா?" என்றேன். "ஸ்க்ரூ கழண்டுருச்சு. ஒரு கத்தி கிடைக்குமா?"

மங்கலான உருவம் ஒன்று என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கியது.

"ஏப்பா, இது தானாக் கழண்ட மாதிரி தெரியலையே" என்றது டோர்டிஸின் குரல். "ஸ்க்ரூ தலையில கீறலே இல்ல. தொழில் தெரிஞ்சவன் எவனோ திருகியிருக்கான்."

யாரோ ஓர் ஆண் சிரித்தார். கத்தி கொடுத்து அனுப்பியவராக இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"ஒஸ்லோவுல வேலைக்குக் கூப்பிடுறாங்க. கண் பாக்குறதையே விட்டுரலாமான்னு இருக்கேன். இதுல ஒண்ணும் இல்லைன்னு தோணுது."

"போயேன்" என்றார் அவர், ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே. "அங்கயும் காரு இருக்கும். கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு ரொட்டி திங்கலாம்."

அப்புறம் நான் எதிர்பார்க்காததைச் செய்தார். கண்ணாடியைக் கையில் தராமல் தானே என் மூக்கில் வைத்து, இரண்டு காலையும் என் காதுக்குப் பின்னால் மெதுவாக மாட்டினார். சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், நான் மற்றவர்களைப் பார்ப்பது போலவே. அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தெளிந்தது. காப்பியும் ஏலக்காயும் கலந்த மூச்சு. அந்தத் தூரத்தில் என்னைப் பார்க்க ஒருவர் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கு? முன்ன நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்கா?"

"இப்ப" என்றேன்.

வியாழக்கிழமை வேகார்டிடம் வரவில்லை என்று சொன்னேன். "பைத்தியமாடா உனக்கு? அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று கத்தினான்.

"செவ்வாய்க்கிழமை ரெண்டரைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.