சும்மா கத்துகிற பெட்டி

இந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசினால்தான் என்ன? கண்ணாடி சுக்குநூறாகட்டும். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வரட்டும். இந்த வார்டில் எந்தச் சத்தத்துக்கு யார் ஓடி வந்தார்கள்?

நர்ஸ் இசபெல் வீசவில்லை. இன்குபேட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே விரித்திருந்த துணியை உருவினாள். காலையில் அதன்மேல் ஒரு குறைமாதக் குழந்தை கிடந்தது. பெட்டிக்குள் சூடு ஏறி, குழந்தை துவண்டு கிடந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். டாக்டர் ஓடி வந்தும் பிழைக்கவில்லை.

பழைய பெட்டி. சூடு ஏறினால் கத்த வேண்டியது, காற்றாடியை வேகமாக வைத்தாலும் கத்தும், யாராவது இடித்தாலும் கத்தும். பழுது பார்க்க வருகிறவர் தட்டிப் பார்த்துவிட்டு, புதுசு வருகிறது என்று சொல்லிப் போவார். கேட்டுக் கேட்டு நர்ஸுகளுக்குக் காது மரத்துவிட்டது. கையில் மருந்துத் தட்டு இருந்தால் முழங்கையாலேயே பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்துவிட்டு நடப்பார்கள். கண் கண்ணாடிப் பக்கம் திரும்பாது. டாக்டர் சுற்றி வரும் நேரத்தில் தொல்லை என்று, சத்தம் வரும் ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னவர் வார்டு சிஸ்டர் முரியல். ஒட்டியவள் இசபெல்.

அதைவிட அவளைக் கொதிக்க வைத்தது வேறொன்று. குழந்தையின் தாய் இராஜம்மா, உலு யாம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி, வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து வந்தாள்.

"மிஸி, கத்துதே மிஸி!"

"அது சும்மா கத்தும்லா. போய்ப் படுங்க," என்றாள் இசபெல்.

"மாமியா மாதிரி அது," என்றாள் ஆயா நாகமணி. "காதுல போட்டுக்காத தாயி."

வார்டே சிரித்தது. இராஜம்மாவும் சிரித்தாள். அப்புறம் அவள் எழுந்து வரவில்லை. இன்று காலை பிளாஸ்திரிக்கு அடியில் அது முனகியபோதும் வரவில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை நன்றாகக் கற்றுக்கொண்டாள், பாவி மகள்.

சிஸ்டர் முரியல் இசபெல்லை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"பிளாஸ்திரிய எடுத்தாச்சா?"

"எடுக்கல சிஸ்டர்."

"எடுத்துடு. அந்தப் பொண்ணு, பெட்டி கத்துச்சு, நான் கூப்பிடாம விட்டுட்டேன்னு கண்டவங்ககிட்ட எல்லாம் அழுதுக்கிட்டு இருக்கா. அவ புருஷன் செல்லனும் டாக்டரப் பாக்கணுமாம். நீ போய்ச் சொல்லு. பெட்டி கத்தவே இல்ல, அது அவ மனப்பிரமைன்னு. அவளுக்கும் ஆறுதலா இருக்கும்."

"நீங்களே சொல்லலாமே சிஸ்டர்."

"நான் சொன்னா நம்பமாட்டா. நீ தோட்டத்து லயத்துல பொறந்தவ, உன்னத்தான் நம்புவா."

உண்மைதான். தோட்டத்து ஆட்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல எப்போதும் அவளைத்தான் அனுப்புவார்கள். மெதுவாகச் சொல்வாள். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சும்மா கத்தும் என்றதை நம்பியவள் இதையும் நம்புவாள். நம்பிவிட்டுத் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்வாள்.

இசபெல் நகரவில்லை. பயத்தில் அல்ல.

"என்ன நிக்கிற? ஒட்டுனது உன் கை, ஞாபகம் இருக்கட்டும். வேலை போச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

"என் கைதான் சிஸ்டர். டாக்டர் கேட்டா அதையும் சொல்றேன்."

"இப்ப அவகிட்டப் போறியா, இல்லியா?"

"போறேன்," என்றாள் இசபெல், குரலை உயர்த்தாமல். "கத்தலன்னு மட்டும் சொல்லமாட்டேன்."