அக்காவின் துடுப்பு

அக்கா சொர்ணலதாவும் தங்கை வினிதாவும் அந்தப் படகு விளையாட்டின் முதல் பாகத்தை ஒரே போனில் ஆடியவர்கள். துடுப்புப் போடுவது அக்காவின் கட்டைவிரல், திருப்புவது வினிதாவின் கட்டைவிரல். கல்யாணமாகி ராமாபுரம் போயிருந்த அக்கா, இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்றதும் மைசூருக்குப் பஸ் ஏறி வந்தாள். அதுவரை வினிதா அதைத் திறக்கவே இல்லை.

தோளோடு தோள் உரச உட்கார்ந்து திறந்தார்கள். துடுப்புப் போடாமலே படகு தானாக ஓடியது.

“எனக்கு வேலையே வெக்கலயாடி?” என்று அக்கா சிரித்தாள்.

“இரு அக்கா, செட்டிங்ஸ்ல இருக்கும்.”

எங்கு தேடியும் இல்லை.

“பரவால்ல புள்ள, நீயே ஓட்டு. நான் பாக்கறேன்.”

இரண்டு ஆட்டம் பார்த்த அக்கா, தன் போனை எடுத்து வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தாள். அவள் முன்போல் திட்டட்டும் என்றே வினிதா படகைப் பாறையில் மோதவிட்டாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.