ஓரம் பிசகாத ஸ்டிக்கர்

...வடைத் துணுக்கு, அதுவும் உளுந்து வடை, துளசிராமன் சாரின் மீசையில் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு அவர் பேசப் பேச ஏறி இறங்கியது, சொல்லலாமா, வேண்டாம், கிடக்கட்டும், இந்த மனுஷன் மூஞ்சியில் எதைத் துடைத்தால் மட்டும் சுத்தமாகிவிடப் போகிறது என்று ஷமீமா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கிடந்த தாளைப் பார்ப்பதற்கு இது தேவலை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இந்தப் பேக்கிங் குடோனுக்கு வந்து நாலு வருஷம், சூப்பர்வைசரின் கண்ணாடிக் கேபினுக்குள் அவளை உட்காரச் சொன்னது இன்றைக்குத்தான், டீ வேறு வரவழைத்திருக்கிறார், ஆடை படிந்து ஆறிப்போன டீ. “நாளைக்கு திருவள்ளூர் கன்ஸ்யூமர் கோர்ட்டும்மா. வக்கீலு இத்த எட்துக்கினு போவணும். ஒரு கையெழுத்து, அவ்ளோதான். உன் வேலைக்கு நான் கேரண்டி, சம்பளத்துல ஒரு பைசா கட் ஆவாது. போடலன்னு வெச்சிக்கோ, ஓனரு உன்ன நிறுத்திடுவாரு, அப்பால என்னிய கேக்காத” என்றவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். இந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் போட்டுவிட வேண்டுமாம்.

முஜீப் மனைவி ஷமீமாவாகிய நான், விலை ஸ்டிக்கர் ஒட்டும்போது என் கவனக்குறைவால் வேறு பொருளின் ஸ்டிக்கரை இந்தப் பெட்டியில் மாற்றி ஒட்டிவிட்டேன், நிர்வாகத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை... இல்லையாமே, அப்படியானால் ரோல் ரோலாக ஸ்டிக்கர் மெட்ராஸிலிருந்து தானாக நடந்தா வந்தது? ஆவி பிடிக்கிற மெஷின், பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. முந்நூற்று இருபத்தைந்து, அதை மறைத்து ஒட்டச் சொன்னது நானூற்றுத் தொண்ணூற்றைந்து, கடைக்குப் போகிற பெட்டிக்கு வேண்டாம், கடைக்காரன் கண்டுபிடித்துவிடுவான், இன்டர்நெட்டில் ஆர்டர் போட்டவர்களுக்குப் போகிற பெட்டிக்கு மட்டும். படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் பெட்டியைச் சுரண்டியா பார்க்கப் போகிறார்கள் என்று துளசிராமன் சிரித்தார், அவளும் சிரித்தாள், ஆமாம், சிரித்தாள்தான், இப்போது இல்லையென்றால் ஆகிவிடுமா? முஜீப்பைக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஆர்டர் இல்லையென்று நிறுத்தி மூன்று மாதம், அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததாம், அதற்கு அவர் ஏன் லுங்கியோடு டி.வி. முன்னால் உட்கார வேண்டும்... வீட்டில் இப்போது உலை கொதிப்பது இவள் சம்பளத்தில். அது தெரிந்துதானே டீ வாங்கிக் கொடுக்கிறான், படுபாவி.

தாளுக்கு அடியில் புகாரின் நகல் இருந்தது. அருணா, ஆசிரியை, திருவாலங்காடு. குழந்தைக்கு நெஞ்செல்லாம் சளி, மெஷினைப் பெட்டிமேலேயே வைத்து ஆவி பிடிக்க வைத்தேன், சூடு பட்டு ஸ்டிக்கர் சுருண்டு வந்தது, அடியில் பார்த்தால் அசல் விலை, கேட்டதற்குத் திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பதில்... ஆவியா! அதுதானே பார்த்தாள், நகத்தால் கிள்ளினாலும் வராதே, புகார் வந்ததிலிருந்து எப்படிப் பிரிந்தது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா, ஆவி பட்டால் எந்தப் பசைதான் நிற்கும்? அடுத்த வரியில் ‘யாரோ ஒரு திருட்டுக் கை’ என்று இருந்தது. ஷமீமா தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சளாகக் காய்ந்த பசை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத நாற்றம், பெருநாள் பிரியாணியைப் பிசைந்தாலும் அதுதான் மூக்கில் ஏறும், அன்றைக்கு மகள் சிஃபாவுக்குச் சோறு ஊட்டப் போனால், உன் கை நாறுதும்மா, ஸ்பூன்ல குடு என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாளே. சீ. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தத் தண்ணீர் பாட்டில் ஏன் இப்போது ஞாபகம் வந்து தொலைக்கிறது? திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட், கூட வேலை செய்கிற முத்தம்மா பக்கத்தில், “பன்னெண்டுன்னு போட்டுக்குது, நீ இன்னா பாஞ்சு கேக்குற? எம்.ஆர்.பி.ன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?” என்று இவள்தான் கத்தினாள், கடைக்காரர் கூலிங் சார்ஜும்மா என்று இழுத்தார், கூட்டம் கூடிவிட்டது, மூன்று ரூபாயைத் திருப்பி வாங்கிய பிறகுதான் நகர்ந்தாள். “உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா போதும்க்கா” என்றாள் முத்தம்மா. அன்றைக்குப் பகல் முழுக்க ஒட்டிவிட்டு வந்த கையால்தான் அந்த மூன்று ரூபாயை வாங்கினாள், அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, வழியெல்லாம் பெருமையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு போனாள். அந்தக் கடைக்காரராவது ஐஸ் போட்டு வைத்திருந்தார்... இவள் எதைப் போட்டாள்? கோர்ட்டுக்கே போய் அந்த டீச்சர் முன்னால் நின்று, ஒட்டச் சொன்னது இவங்கதான் என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் முஜீப்பிடம் என்ன சொல்வது, சிஃபாவுக்கு எதை ஊட்டுவது?

கண்ணாடிக் கதவு திறந்தது. “இன்னாம்மா, ஆச்சா?”

பேனா கையில்தான் இருந்தது. மூடியைக்கூடக் கழற்றியிருந்தாள், எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. கண் அந்த ஒரே வார்த்தையில் போய்ப் போய் முட்டியது, கவனக்குறைவு, யாருக்குக் கவனக்குறைவு, ஓரம் பார்த்து, காற்றுக்குமிழ் இல்லாமல் தடவி, ஒரு நூல் பிசகாமல் ஒட்டுகிறவளுக்கா... உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஒட்டினது திருட்டு சார், நீங்க ஒட்டச் சொன்ன திருட்டு, என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“சார், நான் மாத்தி ஒட்டுனதே இல்ல சார். ஒண்ணுகூட கோணலா போனதில்ல. ஆவி பட்டு பிரிஞ்சிக்குது.”

துளசிராமன் சிரித்தார். “அட, இதுக்கா பேஜாராவுற? உன்ன மாதிரி சுத்தமா ஒட்ற ஆளு இந்த எஸ்டேட்லயே கெடியாதும்மா. ஓனருக்கே தெரியும்.”

அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சுக்குள் தித்தித்தது, நன்றாகவே தித்தித்தது, யா அல்லாஹ், இதற்கா நான் இவ்வளவு நேரம் எரிந்தேன், இவ்வளவுதானா நான்... பேனாமுனை தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது.