சாம்பலோடு கலந்த தூள்

வடக்குப்பட்டில் சில்வியாவும் லாசரும் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. ஒரகடத்தில் காருக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் லைன் வேலை பார்த்த சில்வியா, அந்த மண்ணில் கத்தரியும் வெண்டையும் போட்டு, வேலியோரம் பூசணிக்கொடி விட்டிருந்தாள். கடையில் விற்கும் பூச்சிமருந்தை அவள் தொடமாட்டாள். டீக்கடை விறகடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி வந்து சலித்து, மஞ்சள்தூள் கலந்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருப்பாள். காலையில் இலையில் பனி ஈரம் காய்வதற்குள் அந்த மூட்டையைச் செடிகளின் மேல் தட்டிக்கொண்டே போவாள். மண்ணுக்கு வேப்பம்புண்ணாக்குத் தூள். இதில் பூச்சி முழுக்கப் போகாது, குறையும். அவளுக்கு அது போதும்.

லாசருக்குப் போதவில்லை. போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சில் காணிக்கை வைத்த அவர்கள் வீட்டுக் கத்தரிக்காயை ஏலம் விடும்போது, அதிலிருந்து ஒரு புழு நெளிந்து வெளியே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சில்வியாவும் சிரித்தாள். லாசருக்கு மட்டும் அது அவமானமாக இருந்தது.

இந்த வருஷம் கத்தரிக்காயில் ஓர் ஓட்டைகூட இல்லை. சில்வியாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தன் சாம்பல் இந்தத் தடவை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று லைனில் எல்லாரிடமும் சொன்னாள். பிறகு செடியடியில் எறும்பே இல்லாததைக் கவனித்தாள். ஒரு காலை பூசணிப்பூவை விலக்கிப் பார்த்தபோது, உள்ளே தேனீக்கள் செத்துக் கிடந்தன. இலையை விரலால் தேய்த்து முகர்ந்தாள். அவளுடைய சாம்பலில் லேசான மஞ்சள் வாசனைதான் இருக்கும். இது மூக்கில் சுருக்கென்று ஏறியது. சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையாக இன்னொரு தூள் இருந்தது.

யாரோ செடிக்கு மருந்து போட்டிருக்கிறார்கள். யார் என்று யோசித்ததும் அவள் கண் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. பூசணிக்கொடி வேலி தாண்டி வந்ததென்று ரத்னா அதை அறுத்துப் போட்டு, இருவருக்கும் வார்த்தை தடித்திருந்தது. அதன் பிறகு ரத்னா ஒரு டப்பாவோடு வேலியோரம் குனிந்து எதையோ தூவியதையும் சில்வியா பார்த்திருந்தாள். அப்போது அது பெரிதாகப் படவில்லை. இப்போது பட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது லாசரிடம் சொன்னாள். அவன் ஒரு கம்பெனியில் புல்வெளி பராமரிக்கும் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். செடி விஷயம் தெரிந்தவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ரத்னாக்காவா இருக்கும். அந்தம்மாவுக்குத்தான் உன் செடி மேல கண்ணு” என்றான்.

அதோடு சில்வியா ரத்னாவோடு பேசுவதை நிறுத்தினாள். ரத்னாவின் மகள் எழிலரசி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முதல் காய்ப்பிலிருந்தே அவளுக்கென்று கத்தரிக்காய் கொடுத்தனுப்பிய சில்வியா, அதையும் நிறுத்தினாள். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது பின்கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். வேலைநேரத்திலும் ரத்னாவின் டப்பாவே கண்முன் நின்றது.

பண்டிகை ஞாயிறு வந்தது. அவள் குளித்து வருவதற்குள் லாசர் கூடை நிறையக் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விட்டான். புடவை மாற்றப்போன சில்வியா, வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னா அதே டப்பாவோடு நிற்பதைப் பார்த்தாள். பொறுக்கவில்லை. ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனாள்.

“எங்க செடியில இன்னாக்கா தூவுறீங்க?”

ரத்னா டப்பாவைத் திறந்து காட்டினாள். அரிசிக் கோலமாவு. எறும்பு தின்னட்டும் என்று வேலியோரம் போடுவது வழக்கம் என்றாள். பிறகு இலையை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“ஒங்க வூட்டுக்காரருதான் நீ ஷிஃப்டுக்குப் போனதும் வந்து தூவிக்கினு கீறாரு. மூக்குல துணி கட்டிக்கினு. நீ சொல்லித்தான்னு நெனச்சேன்.”

சில்வியா இல்லையென்று தலையை ஆட்டினாள். ரத்னாவின் முகம் மெல்ல மாறியது.

“இந்தச் செடிக் காயத்தான எழிலுக்குக் குடுத்த?”

“தெரியாதுக்கா” என்றாள் சில்வியா. அவளுக்கே அது பொய்போலக் கேட்டது.

சர்ச்சில் ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கப் போகும் நேரம். காணிக்கை மேசையில் அவர்கள் கத்தரிக்காய் பளபளவென்று முன்னால் இருந்தது. சில்வியா நேராகப் போய்க் கூடையைத் தூக்கினாள். போதகர் என்னவென்று கேட்டார். “இதுல மருந்து இருக்கு ஐயா. யாரும் சாப்பிடக் கூடாது” என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லாசர் தலைகுனிந்து அவள் பின்னாலேயே வெளியே வந்தான்.

“காய் நல்லா வரணும்னுதான் சில்வி.”

“பழிய ரத்னாக்கா மேல ஏன் போட்டீங்க?”

மருந்தைத் தன் கம்பெனி ஸ்டோரிலிருந்து எடுத்ததை மட்டும் அவன் சொன்னான். அந்தப் பாக்கெட்டைக் கேட்டாள். வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு, எழிலரசியையும் ரத்னாவையும் ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பாக்கெட்டைப் படித்து, எழிலரசியைப் பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் உடனே வரவேண்டும் என்றார். திரும்பும் வழியெல்லாம் ரத்னா மகளின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

மறுநாள் லாசரே செடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டான். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, எடுத்ததை ஸ்டோரில் ஒப்புக்கொண்டு திட்டும் வாங்கினான். ரத்னா வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. எழிலரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். செய்தி வந்த பிறகுதான் சில்வியாவுக்குச் சரியாகச் சோறு இறங்கியது.

மழைக்குப் பிறகு வேறு மண் கொட்டி, சிறுகீரை விதைத்தாள். முதல் அறுவடையில் ஒரு கட்டைக் கழுவி எடுத்துப்போய் ரத்னாவிடம் நீட்டினாள். ரத்னா வாங்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

“மொதல்ல நீங்க துன்னுங்க. அடுத்த தபா பாக்கலாம்” என்றாள்.

சில்வியா வீட்டுக்கு வந்து கீரையைக் கடைந்தாள். லாசர் தட்டைப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பரிமாறிவிட்டு, அவன் வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்கும் போட்டுக்கொண்டாள்.