கோட்டின் மேல் ஒரு நடை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கல்பொறுக்கி. களத்தில் லாரி நிலத்தை அதிர வைக்கும். மண்ணில் வரிசையாக நட்ட ஜியோபோன் கருவிகள், அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதியும். அந்த வரிசைக்குக் கோடு என்று பெயர். பதிவில் செத்த கருவி, தலைகீழாய் இணைத்த கம்பி, இரைச்சல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்து, ‘தேறியது’ என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஊரார் குப்பையைப் பொறுக்குகிறவரின் மேசையில் கழுவாத டம்ளர்கள் அடுக்கியிருந்தன என்பது வேறு கதை.

அன்றைக்கு வந்தது தங்கை புருஷனின் கோடு. களத்தலைவரான மாப்பிள்ளை, அது தேறினால் பிற்பகல் பஸ்ஸில் கிளம்பலாம். தேறாவிட்டால் திரும்ப அளக்க வேண்டும். முகாமை விட்டு நகர முடியாது. தங்கையையோ காலையில்தான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் இவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தார்.

பார்த்தால், பதிவுக்குப் பதிவு ‘டக், டக்’ என்று ஓர் இரைச்சல். காற்று என்று வடிகட்டினார், போகவில்லை. மின்கம்பி என்று வடிகட்டினார், சட்டை செய்யவில்லை. வடிகட்ட வடிகட்டப் பாறைதான் காணாமல் போனது. தலையில் அடித்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். கோடு ஒரு மேட்டில் ஏறும் இடத்தில், இரைச்சல் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போனது. கொஞ்சம் போய்த் திரும்பியது. மறுபடி போனது.

போன் போட்டார்.

“மாப்ள, கோட்டு மேல யாரோ நடக்கிறாங்க.”

“வாய்ப்பே இல்ல மச்சான். லாரி அதிரும்போது ஒருத்தனும் அசையக் கூடாதுன்னு மைக்குல கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. மாடா இருக்கும்.”

“மாட்டுக்கு நாலு கால். இது ரெண்டு.”

“அப்ப உங்க சாஃப்ட்வேர்ல கோளாறு.”

“ஆமா, சாஃப்ட்வேருக்குக் கால் முளைச்சு நடக்குது! அந்த மேட்டுல எவன் உலாத்தினான்னு கண்டுபிடிச்சுக் காலை ஒடிங்க முதல்ல.”



“மேட்டுலயா?”

“மேட்டுலதான்.”

“அங்கதான் மச்சான் சிக்னல் கிடைக்கும். ஒரு கையில மைக்கு, ஒரு கையில போனு. ஆஸ்பத்திரியில யாரும் எடுக்கல. நின்ன இடத்துல நிக்க முடியல…”

ஊருக்கு உபதேசம்! கல்பொறுக்கி வாயில் வந்ததில் ‘எருமை’ ஒன்றுதான் அச்சில் ஏறும்.

“தப்பு என்னுதுதான். திரும்ப அளந்துடறேன். அவகிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க மச்சான்.”

கல்பொறுக்கி திரையைப் பார்த்தார். ஒவ்வொரு பதிவிலும் காலடி விழுந்தது இரண்டு மூன்று கருவிகளில்தான். அவற்றை மட்டும் நீக்கலாம்; விதி இடம் தருகிறது. ஆனால் காலடியை இயந்திரம் அடையாளம் காணாது. ஒவ்வொன்றாய்க் கையால் குறிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த சாயங்காலம் போயிற்று.

“கோடு தேறும். பஸ்ஸைப் பிடிங்க.”

“இரைச்சலுக்குக் காரணம்னு என்ன எழுதுவீங்க?”

“களத்தலைவரின் கால்னுதான். மாடு பாவம்.”

குறித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் காலடி ஓடியிருந்தது. ஒன்றில் கல்லை வேறு உதைத்திருந்தது. திட்டிக்கொண்டே நீக்கினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அம்மா போன் செய்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

“மாப்ள வந்துட்டாராம்மா? அழறாரா? நல்லா அழட்டும், எருமை!”

பக்கத்து மேசைக்காரி தலையை நிமிர்த்தினாள்.

“சார், உக்காந்து பேசுங்க. எத்தனை தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பீங்க?”