அடுப்பு பற்ற வைக்க

சனிக்கிழமை வேலை விட்டதும் வாளிக் கம்பெனி கேட்டில் ஆளுக்கொரு உரப்பை கொடுப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் வெட்டுத்துண்டு. அதை அரைத்து மறுபடி வாளியாக்கும் மெஷின் படுத்து இரண்டு வருஷம். கொழும்புக்கு அனுப்பலாமென்றால் லொரிக்கூலி கட்டாதாம். பொகவந்தலாவை மழையில் விறகு எங்கே பிடிக்கிறது? இரண்டு துண்டைச் செருகினால் குபீரென்று பற்றிக்கொள்ளும். வாங்குகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தலைப்பில் ‘மீள்பாவனை’ என்று இருக்கும், அதாவது திரும்பப் பயன்படுத்துவது. நல்ல மீள்பாவனைதான், போங்கள்.

ஒரு சனிக்கிழமை, அங்கே வேலை செய்யும் பூரணி மூட்டையைத் தொடவில்லை. ஆறு வயது மகள் தனுஜாவுக்கு இழுப்பு. இந்தப் பிளாஸ்டிக் புகை பட்டால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அவள் ஒருத்தி நிறுத்தி என்ன பிரயோசனம்? லயத்தில் வரிசையாக இருக்கும் ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது.

“யாருக்கும் குடுக்காதீங்க சார்,” என்றாள் சுப்பவைசர் கஸ்பரிடம். “வேணும்னா பெரிய ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கிறேன்.”

“எழுதவெல்லாம் வேணாம்,” என்று சிரித்த கஸ்பர், வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். “இனிமே மூட்டை கெடையாது. பூரணி வேணாங்கிறா.”

படுபாவி, ஒரே பேச்சில் லயத்தையே அவள்மேல் ஏவிவிட்டான். அன்றிலிருந்து ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஈர விறகை ஊதிக் கண் சிவந்த பெண்கள் அவள் வாசலைப் பார்த்துத் துப்பினார்கள்.

புதன்கிழமை குளிருக்கே தனுஜாவுக்கு இழுத்தது. மலையில் இருந்த ஒரே ஆட்டோ பக்கத்து வீட்டு மீனம்மாவின் புருஷனுடையது. மீனம்மா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“புள்ளைக்கு மூச்சு வரலக்கா. அண்ணன ஆட்டோவ எடுக்கச் சொல்லுங்க.”

மீனம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூட்டைய எப்ப தரச் சொல்லுவ?”

பூரணிக்கு அவளை அறையலாம் போலிருந்தது. தோளில் கிடந்த பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“நாளைக்கே சொல்றேன்க்கா.”

அதற்குப் பிறகுதான் ஆட்டோ கிளம்பியது.

பூரணி சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை மூட்டை வந்தது. முதல் கையெழுத்தைக் கஸ்பர் அவளிடமே வாங்கினான்.

திங்கட்கிழமை தனுஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது லயமே கூடிவந்து கொஞ்சியது. மீனம்மாவுக்குத்தான் எல்லாரையும் முந்திக்கொண்டு பாசம். “செத்த இருடி கண்ணு, கொத்தமல்லி அவிச்சுத் தர்றேன்” என்று ஓடினாள். நிமிஷத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். சேலையெல்லாம் பிளாஸ்டிக் கருகிய வாடை.

“ஊதிக் குடி தங்கம்.”

தனுஜா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைக் குவித்து ஊதினாள். அந்த மூச்சுக்கு அசையாமல் ஆவி நேராகவே மேலே போய்க்கொண்டிருந்தது.